பள்ளி பேண்டில் கருவி மாறும் பிள்ளைக்கு: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கான வழிகாட்டி

அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ பேண்டில் சேருகிறார்கள். எந்தக் கருவி என்பது பல ஊர்களில் ஒரே மாலையில் முடிவாகிவிடும். பள்ளியில் கருவிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். பிள்ளை ஒவ்வொன்றாக ஊதிப் பார்க்கும், சத்தம் வந்த கருவியின் பெயரைப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே பிள்ளை, "எனக்குக் கிளாரினெட் வேண்டாம், சாக்ஸபோன் வாசிக்கிறேன்" என்று வந்து நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்து வயதில் அவசரமாக எடுத்த முடிவுதானே அது.

நம் வீடுகளில் உடனே இரண்டு கவலை எழும். தொட்டதை முடிக்காமல் விடுகிறாளே என்பது ஒன்று. இத்தனை மாதம் கட்டிய வாடகை வீணா என்பது இன்னொன்று. மரக்காற்றுக் கருவிகளுக்குள்ளேயே, அதாவது ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸூன், சாக்ஸபோன் என்ற குடும்பத்துக்குள்ளேயே மாறினால் இரண்டு கவலையும் பெரும்பாலும் தேவையில்லை. நோட்ஸ் படிப்பது, தாளம் எண்ணுவது, நாக்கால் ஸ்வரத்தைத் தொடங்குவது, மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுப்பது, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே வாசிப்பது எல்லாம் அப்படியே கூட வரும். விரல் பழக்கமும் கணிசமாக வரும். கூட வராதது வாய். உதடு, கன்னம், தாடை எல்லாம் பழைய கருவிக்கே பழகிப் போயிருக்கும். புதுக் கருவியை எடுத்தாலும் வாய் பழையபடியேதான் பிடிக்கும். மாறுகிற பிள்ளைகள் தடுமாறுவது அனேகமாக இந்த இடத்தில்தான். அதனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும் சரி, முதல் சில வாரப் பயிற்சியிலும் சரி, வாயை முதலில் கவனியுங்கள். விரலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1. ஏன் மாறணும் என்று கேளுங்கள். கருவியையும் ஒரு தடவை பாருங்கள்

"பிடிக்கல" என்ற ஒரே பதிலுக்குள் பல காரணங்கள் ஒளிந்திருக்கும். தோழி வேறு வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். ஜாஸ் பேண்டில் சேர ஆசை இருக்கலாம்; அங்கே சாக்ஸபோனுக்கு இடம் உண்டு, கிளாரினெட்டுக்குப் பெரும்பாலும் இல்லை. பல்லுக்குக் கம்பி போட்டிருக்கலாம். நான் முதலில் சந்தேகப்படுவது வேறு: கருவியே பழுதாக இருப்பது.

கிளாரினெட் கீச்சிடுகிறது, கீழ் ஸ்வரங்கள் வரவே மாட்டேன் என்கிறது, எவ்வளவு ஊதினாலும் சத்தம் சின்னதாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், ரீட்டின் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் துண்டின்) நுனி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். நகம் கிழிந்ததுபோல ஒரு சின்னப் பிளவு இருந்தாலே போதும், கீச்சுச் சத்தம் வரும். ரீட் சரியாக இருந்தால் கருவியை ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போங்கள். குழாய்க்குள் ஒரு விளக்கை விட்டு, எந்தப் பேட் (துளையை மூடும் சின்ன மெத்தை) சரியாக மூடவில்லை, எங்கே காற்று ஒழுகுகிறது என்று சில நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஒழுகுகிற கருவியோடு ஒரு வருடம் போராடிய பிள்ளை, தனக்குத்தான் இசை வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும். பேடைச் சரிசெய்த பிறகும் மாறணும் என்று சொன்னால் அது உண்மையான ஆசை. தாராளமாக மாறட்டும்.

பல் கம்பி விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். கிளாரினெட்டிலும் சாக்ஸபோனிலும் கீழுதடு கீழ்ப்பல்லின் மேல் மடிந்திருக்கும். கம்பி போட்ட புதிதில் உதடு உள்பக்கம் அறுபடும். கம்பிக்கு மேல் ஒட்டும் மெழுகைப் பல் டாக்டரே தருவார். ஃப்ளூட்டில் உதட்டின் கோணமே மாறிவிடுவதால் சில வாரம் வெறும் காற்றுச் சத்தம்தான் வரும், அப்புறம் சரியாகிவிடும். ஓபோவில் இரண்டு உதடும் உள்பக்கம் மடிவதால் மேலும் கீழும் குத்தும். கம்பி மாட்டிய அதே மாதத்தில் ஓபோவுக்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2. பேண்டு ஆசிரியரிடம் பிள்ளையே பேசட்டும்

கடைக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். பேண்டில் எந்தக் கருவி எத்தனை என்ற கணக்கை ஆசிரியர் எப்போதும் மனதில் வைத்திருப்பார். ஃப்ளூட்டும் ஆல்ட்டோ சாக்ஸபோனும் பல பள்ளிகளில் தேவைக்கு மேல் குவிந்து கிடக்கும். ஓபோ, பஸூன், பேஸ் கிளாரினெட், ஆல்ட்டோவைவிடப் பெரிதான டெனர் சாக்ஸ், பாரிடோன் சாக்ஸ் வாசிக்க ஆள் இருக்காது. ஃப்ளூட்டிலிருந்து ஓபோவுக்குப் போகிறேன் என்ற பிள்ளையை ஆசிரியர் கைநீட்டி வரவேற்பார். கிளாரினெட்டை விட்டு ஆல்ட்டோவுக்கு வருகிறேன் என்றால் கொஞ்சம் யோசிப்பார். "டெனர் எடுத்துக்கிறியா?" என்று பேரம் பேசவும் செய்யலாம். அந்தப் பேரத்துக்குச் சம்மதிப்பது பல நேரம் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெற்றோர் நீளமாக மின்னஞ்சல் எழுதுவதைவிட, வகுப்பு முடிந்ததும் பிள்ளை நேரில் போய்க் கேட்பது இங்கே நன்றாக எடுபடும். நம் ஊர் வழக்கத்தில் பெரியவர்கள்தான் பேச வேண்டும் என்று தோன்றும். இங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் காரியத்துக்குத் தானே பேசுவதைத்தான் ஆசிரியர்கள் எதிர்பார்க்கிறார்கள். பணம், வாடகை, பள்ளிக் கருவிக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று வரும்போது நீங்கள் நுழைந்தால் போதும்.

கேட்க வேண்டியவை: பள்ளியிலேயே அந்தக் கருவி இருக்கிறதா, கோடை விடுமுறையில் வீட்டுக்குக் கொடுப்பார்களா, எந்த ஸ்கேல்கள் (ஆரோகண அவரோகணம் போன்ற ஸ்வர வரிசைகள்) வந்ததும் புதுக் கருவியோடு பேண்டில் உட்காரலாம், இந்த வருடக் கச்சேரிகளைப் பழைய கருவியிலேயே முடிக்க வேண்டுமா.

நேரத்தைப் பொறுத்தவரை, வசந்தகாலக் கச்சேரி முடிந்த மறுநாள்தான் மாறுவதற்குச் சிறந்த நாள். கோடை முழுக்கக் கையில் இருக்கும். கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாறுகிறேன் என்றால் எந்த ஆசிரியரும் முகம் சுளிப்பார்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளையென்றால் இன்னொன்றும் உண்டு. இலையுதிர் காலத்தில் மார்ச்சிங் பேண்டு நடக்கும். ஓபோவும் பஸூனும் பொதுவாக அணிவகுப்பில் போவதில்லை. அந்தப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் பழைய கருவியையோ தாளக் கருவியையோ எடுத்துக்கொள்வார்கள். எனவே ஃப்ளூட்டிலிருந்து ஓபோவுக்கு மாறியவள் ஃப்ளூட்டை விற்றுவிட வேண்டாம்.

3. எதிலிருந்து எதற்கு

கிளாரினெட்டிலிருந்து பேஸ் கிளாரினெட்டுக்கு மாறுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். விரல் வைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. நோட்ஸும் அதே டிரெபிள் கிளெஃப்பில்தான் (மேல் ஸ்வரங்களுக்கான குறியில்) எழுதியிருக்கும். கேட்பது மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. மவுத்பீஸ் (வாயில் வைக்கும் முனை) பெரிது, வாய்க்குள் நேராக நுழையும், காற்று நிறைய வேண்டும். கிளாரினெட்டில் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தால் கீச்சிடும். தாடையைத் தளர்த்தினால் அறையே அதிரும். கருவி பெரும்பாலும் பள்ளியுடையது, விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் மூன்றாம் கிளாரினெட் வரிசையில் தொலைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பேஸ் கிளாரினெட்டில் அவர்கள் ஒருவர்தான் அந்தப் பகுதியை வாசிப்பார்கள், ஒளிந்துகொள்ள இடமில்லை. அதிலேயே பலருக்குத் தைரியம் வந்துவிடுகிறது.

கிளாரினெட்டிலிருந்து சாக்ஸபோனுக்கு மாறுவதுதான் அதிகம் நடப்பது. இதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. ஜெர்மனியில் தியோபால்ட் போம் என்பவர் ஃப்ளூட்டின் துளைகளையும் கீக்களையும் (விரலால் அழுத்தும் நெம்புகோல்களையும்) 1832-லும் மறுபடி 1847-லும் புதிதாக அமைத்தார். அந்த யோசனையைப் பாரிஸில் குளோசே என்ற கிளாரினெட் ஆசிரியரும் பூஃபே என்ற கருவிப் பட்டறைக்காரரும் 1840-களை ஒட்டிக் கிளாரினெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் சாக்ஸபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். விரல் அமைப்பில் மூன்றும் உறவுக்காரக் கருவிகள். இடது கையின் மூன்று விரலும் மூடினால் ஜி, இரண்டு மூடினால் ஏ, ஒன்று மூடினால் பி என்பது சாக்ஸிலும் ஃப்ளூட்டிலும் கிளாரினெட்டின் மேல் பகுதி ஸ்வரங்களிலும் ஒன்றுதான்.

கிளாரினெட்டின் மேல் பகுதி என்று சொன்னதில் ஒரு சங்கதி இருக்கிறது. கிளாரினெட்டின் குழாய் உள்ளே நேரான உருளை. ரீட் இருக்கிற முனை மூடிய மாதிரி. அதனால் பின்னாலுள்ள ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் ஸ்வரம் எட்டாவதுக்குத் தாவாது, பன்னிரண்டாவதுக்குத் தாவும். கீழே ஜி வாசித்த விரல்கள் மேலே டி கொடுக்கும். ஒரே விரல் வைப்புக்கு இரண்டு பெயர் படிக்க வேண்டும். நடுவில் ஏ, பி ஃபிளாட்டிலிருந்து பி-க்குப் போகும்போது கிட்டத்தட்ட எல்லா விரலையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். கிளாரினெட் பிள்ளைகள் எல்லாரும் அழுகிற இடம் அது. சாக்ஸபோன் கூம்புக் குழாய். ஆக்டேவ் கீயை அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரும், அவ்வளவுதான். எனவே கிளாரினெட் வாசித்த பிள்ளைக்கு சாக்ஸின் விரல்கள் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

இங்கேதான் வாய் காலை வாரும். கிளாரினெட்டை உடம்பை ஒட்டிச் சாய்த்துப் பிடிப்போம், மோவாய் தட்டையாக, உதட்டோரம் இறுக்கமாக இருக்கும். சாக்ஸில் மவுத்பீஸ் வாய்க்குள் நேராகப் போகும், உதடு வட்டமாகத் தளர்ந்து சூழ வேண்டும். கிளாரினெட் பிடியோடு சாக்ஸ் வாசித்தால் சத்தம் ஒல்லியாக, சுருதிக்கு மேலே ஏறிப் போய் நிற்கும். பிள்ளைக்கு விரல் எல்லாம் சரியாக வருவதால் தான் நன்றாக வாசிப்பதாகவே நினைக்கும்.

சாக்ஸிலிருந்து கிளாரினெட்டுக்குத் திரும்பி வருவது இதைவிடக் கடினம். சாக்ஸில் துளைகளைப் பேட்கள் மூடும், விரல் கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் ஸ்வரம் வரும். கிளாரினெட்டில் பல துளைகளை விரல் நுனிச் சதைதான் மூட வேண்டும். மயிரிழை இடைவெளி விட்டாலும் கீச்சுத்தான். ஆனால் ஒன்று: கிளாரினெட் நன்றாக வாசிக்கிறவர் எதற்கு வேண்டுமானாலும் மாறலாம். அதனால்தான் சில ஆசிரியர்கள் சாக்ஸ் கேட்கும் பிள்ளைகளையும் முதல் வருடம் கிளாரினெட்டில் உட்கார வைக்கிறார்கள்.

ஃப்ளூட்டிலிருந்து சாக்ஸுக்கு விரல்கள் அருமையாகப் பொருந்தும். எஃப் ஷார்ப் மட்டும் ஏமாற்றும்: ஃப்ளூட்டில் வலக்கை மோதிர விரல், சாக்ஸில் நடுவிரல். ஃப்ளூட்டில் ஏறக்குறைய எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் வலது சுண்டு விரலையும் சாக்ஸில் சும்மா விடப் பழக வேண்டும். எதிர்த் திசையில், அதாவது எதிலிருந்தாவது ஃப்ளூட்டுக்குப் போகிறவர்களுக்குத் தலை சுற்றும். வாயில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, ஊதும் காற்றில் பாதி வெளியே போய்விடும். முதல் வாரம் உட்கார்ந்துகொண்டே, இடைவெளி விட்டு விட்டு வாசிக்கட்டும்.

இரட்டை ரீட் கருவிகள் தனி உலகம். நாதஸ்வரத்தின் சீவாளியைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு ஓபோவின் ரீட் புதிதாக இருக்காது: நாணல் போன்ற தண்டைச் சீவி, இரண்டு இதழாக்கி, சின்னக் குழாயில் நூலால் கட்டியது. சீவாளி அளவுக்கு அகலமில்லை, அவ்வளவுதான். இரண்டும் கூம்புக் குழாய்க் கருவிகள். ஓபோவின் விசித்திரம், அதற்குக் காற்று போதாமல் போவதில்லை, மிஞ்சிவிடும். அந்த நுனித் துளையில் மிகக் கொஞ்சம் காற்றுத்தான் போகும். பழைய காற்று நெஞ்சிலேயே தேங்கி மூச்சு முட்டும். இடைவெளி கிடைத்ததும் முதலில் வெளியே விட்டுவிட்டு, அப்புறம் உள்ளே இழுக்க வேண்டும். ஃப்ளூட் பிள்ளைக்கு ஓபோவில் பெரிய வசதி, இரண்டும் சி கருவிகள், நோட்ஸ் ஒன்றேபோல ஒலிக்கும். விரல்களில் அரைத்துளை (துளையைப் பாதி மட்டும் திறப்பது) என்றொரு புதுப் பழக்கமும், எஃப் ஸ்வரத்துக்கு மூன்று விதமான விரல் வைப்பும் சேரும்.

பஸூனை எடுக்கும் முன் கையை அளந்து பாருங்கள். சுமார் 8 அடி நீளக் குழாயை மடக்கி வைத்த கருவி அது. துளைகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும், இடது கட்டை விரலுக்கு மட்டும் எட்டு ஒன்பது கீக்கள். பேஸ் கிளெஃப் (கீழ் ஸ்வரங்களுக்கான குறி) படிக்கத் தெரிய வேண்டும். பியானோ கற்ற பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். பஸூனுக்கு உதட்டை இறுக்கவே கூடாது. ஏழாம் வகுப்புக்கு முன் இதற்கு அவசரப்பட வேண்டாம். ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவில் ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸூன் நான்குக்கும் வழக்கமாகத் தலா இரண்டு நாற்காலியாவது உண்டு, சாக்ஸபோனுக்கு நிரந்தர இடமே இல்லை. மாநில அளவிலான பேண்டுகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளில் ஃப்ளூட் வரிசைக்கும் பஸூன் வரிசைக்கும் வரும் கூட்டத்தைப் பார்த்தாலே விஷயம் புரியும். ஆளில்லாத கருவியை ஆசிரியர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான்.

4. சுருதிக் கணக்கு

இது அமெரிக்கப் பெற்றோர்கள் பலரையே குழப்பும். கர்நாடக இசை கேட்ட வீட்டுக்குச் சட்டென்று புரியும்.

ஃப்ளூட், ஓபோ, பஸூன் மூன்றும் சி கருவிகள். தாளில் சி என்றிருந்தால் பியானோவின் சி, அதாவது நம் 1 கட்டை ஒலிக்கும். கிளாரினெட்டும் டெனர் சாக்ஸும் பி ஃபிளாட் கருவிகள். தாளில் சி என்று பார்த்து வாசித்தால் வெளியே கேட்பது பி ஃபிளாட், 6½ கட்டை. ஆல்ட்டோவும் பாரிடோனும் ஈ ஃபிளாட் கருவிகள்; அவற்றின் சி, 2½ கட்டை. ஸட்ஜத்தை எங்கே வைத்தாலும் அது ஸட்ஜம்தானே, அதே கதைதான்.

வகுப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக அச்சிட்ட தாள் வரும், அதனால் தினப்படி வாசிப்பில் சிக்கலில்லை. சிக்கல் வருவது ஆசிரியர் "கான்சர்ட் பி ஃபிளாட் ஸ்கேல்", அதாவது வெளியே பி ஃபிளாட்டாகவே கேட்க வேண்டிய ஸ்கேல், என்று சொல்லும்போது. ஃப்ளூட் பிள்ளை பி ஃபிளாட்டில் தொடங்குவாள், கிளாரினெட் பிள்ளை சி-யில், ஆல்ட்டோ பிள்ளை ஜி-யில். கிளாரினெட்டில் இதை ஒரு வருடம் சி என்றே பழகியவன் ஆல்ட்டோவிலும் சி-யில் தொடங்கி, மொத்த பேண்டோடும் முட்டிக்கொள்வான். எனவே மாறிய முதல் நாளே ஒரு சீட்டில் எழுதிக் கருவிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். ஆல்ட்டோவுக்கு: கான்சர்ட் பி ஃபிளாட் என்றால் ஜி, கான்சர்ட் ஈ ஃபிளாட் என்றால் சி, கான்சர்ட் எஃப் என்றால் டி. கிளாரினெட்டுக்கும் டெனருக்கும் அதே வரிசையில் சி, எஃப், ஜி.

கிளாரினெட்டிலிருந்து டெனருக்குப் போனால் இந்தக் கணக்கு மாறவே மாறாது. டெனருக்குச் சரி சொல்ல அது இன்னொரு காரணம்.

5. கருவி வாங்குவது, வாடகைக்கு எடுப்பது

ஏற்கெனவே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்திருந்தால் முதலில் அங்கேயே கேளுங்கள்: கருவியை மாற்றித் தருவீர்களா, இதுவரை கட்டிய வாடகையைப் புதுக் கருவியின் விலையில் கழிப்பீர்களா? பல கடைகளில் ஒப்பந்தத்திலேயே இது இருக்கும், நாம் கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஓபோ, பஸூன், பேஸ் கிளாரினெட், பாரிடோன் சாக்ஸ் நான்கையும் சொந்தமாக வாங்க அவசரப்படாதீர்கள். மாணவர் கிளாரினெட் சில நூறு டாலர். நல்ல பஸூன் பல ஆயிரம் டாலர். பள்ளிக் கருவி கிடைக்கும்வரை அதிலேயே ஓட்டலாம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கீழே போட்டால் யார் பொறுப்பு என்பதை மட்டும் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

இணையத்தில் பளபளவென்று, கையுறையும் துடைக்கும் துணியும் இலவசமாகச் சேர்த்து, நம்ப முடியாத விலைக்குப் பெயர் தெரியாத சாக்ஸபோன்கள் வரும். வேண்டாம். கீக்கள் மெல்லிய உலோகத்தில் இருக்கும், சீக்கிரம் வளையும், ரிப்பேர் கடைகள் பல தொடவே மாட்டேன் என்று சொல்லிவிடும். அதே பணத்துக்குப் பழைய யமஹா மாணவர் கருவி ஒன்று கிடைத்தால், ரிப்பேர் செய்பவரிடம் காட்டிவிட்டு அதை வாங்குங்கள்.

மவுத்பீஸை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். கருவியின் சத்தத்தில் பெரும்பங்கு அதில் இருக்கிறது, சுகாதாரமும் ஒரு காரணம். யமஹா 4சி என்ற சாதாரண மவுத்பீஸே ஆரம்பத்துக்குப் போதும். ரீட் கிளாரினெட்டுக்கும் சாக்ஸுக்கும் 2 அல்லது 2½ கனத்தில் தொடங்கலாம். ரீட் கம்பெனிகளில் வாண்டோரனின் 2½ பொதுவாக ரிகோவின் 2½-ஐவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், பெட்டி மாற்றும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கருவியில் 3 வாசித்தவன் புதியதிலும் 3 கேட்பான். கொடுக்காதீர்கள், கெட்டி ரீட்டை ஊத அவன் கடிக்கத் தொடங்குவான், அந்தப் பழக்கத்தை அப்புறம் எடுப்பது பெரும்பாடு. ஓபோவுக்கு ரீட்தான் பெரிய செலவு. ஒவ்வொன்றும் கையால் செய்தது, சில வாரத்தில் உயிர் போய்விடும். எப்போதும் இரண்டு மூன்றாவது கைவசம் இருக்கட்டும்.

6. முதல் மாதம்

முதல் மூன்று நான்கு நாள் முழுக் கருவியைச் சேர்த்து மாட்டவே வேண்டாம் என்பேன். பிள்ளைக்கு இது பிடிக்காது, ஆனால் நேரம் மிச்சமாகும். போனில் ஒரு ட்யூனர் செயலியைத் திறந்துகொண்டு மவுத்பீஸை மட்டும் ஊதட்டும். ஆல்ட்டோ சாக்ஸ் மவுத்பீஸ் தனியாக ஏ-வுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் கடிக்கிறான் என்று அர்த்தம், கிளாரினெட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் மேலேதான் போகும். கிளாரினெட் மவுத்பீஸையும் அதன் கீழுள்ள பீப்பாய்த் துண்டையும் சேர்த்து ஊதினால் எஃப் ஷார்ப் வர வேண்டும். சாக்ஸிலிருந்து வந்தவனுக்கு அது கீழே தொங்கும். உதட்டோரத்தை இறுக்கச் சொல்லுங்கள். ஃப்ளூட்டின் தலைத் துண்டை, முனையைக் கையால் மூடி ஊதினால் ஏ-க்கு அருகே வரும். ஓபோ ரீட்டை நீரில் சில நிமிடம் ஊறவைத்துத் தனியாக ஊதினால் காகம் கரைவதுபோலக் கேட்கும். அமெரிக்க முறையில் செதுக்கிய நல்ல ரீட் சி-யில், இரண்டு ஸ்தாயியும் சேர்ந்தாற்போல் கரையும்.

பயிற்சி நேரத்தை உடையுங்கள். ஒரே மூச்சில் முக்கால் மணி வேண்டாம். காலையில் பத்து நிமிடம், பள்ளி விட்டு வந்ததும் பதினைந்து நிமிடம், தூங்கப் போகுமுன் பத்து நிமிடம். உதட்டோரத் தசை களைத்த பிறகு வாசித்தால், வாய் பழைய பிடியைத்தான் தேடிப் போகும். உதட்டோரத்தில் காற்றுக் கசிய ஆரம்பித்தால் அன்றைக்கு அது போதும்.

புத்தகத்துக்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம். வகுப்பில் பயன்படுத்திய அதே பேண்டுப் பாடப் புத்தகத்தின் புதுக் கருவிப் பதிப்பை வாங்குங்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே எண்ணில் ஒரே பாடல்தான் இருக்கும். எப்படி ஒலிக்க வேண்டும் என்று பிள்ளையின் காதுக்கு முன்பே தெரியும், தப்பு வந்தால் தானே கண்டுபிடிக்கும். முதல் பக்கத்திலிருந்தே தொடங்கட்டும். "இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று தாண்டிப் போவான், விடாதீர்கள். அந்த நீளமான, மெதுவான ஸ்வரங்கள்தான் வாயைப் பழக்கும்.

இரண்டாம் வாரம் ஐந்து ஸ்வரம், மூன்றாம் நான்காம் வாரத்தில் மேலே சொன்ன மூன்று ஸ்கேல்கள். இது தோராயக் கணக்குத்தான். பேஸ் கிளாரினெட்டுக்கு இதைவிடச் சீக்கிரம், ஓபோவுக்கும் பஸூனுக்கும் நிச்சயம் அதிகம். இரட்டை ரீட்டுக்கு மாறினால், மாதம் இரண்டு பாடமாவது அந்தக் கருவியையே வாசிக்கும் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேண்டு ஆசிரியர் டிரம்பெட்காரராக இருக்கலாம், ரீட்டைத் திருத்த அவருக்குத் தெரியாமல் போகலாம். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறை மாணவர்களை விசாரித்தால் அனேகமாகக் குறைந்த கட்டணத்தில் ஒருவர் அகப்படுவார்.

கத்ரி கோபால்நாத்தின் ஆல்ட்டோவையோ ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டையோ கேட்டு வளர்ந்த தாத்தா வீட்டில் இருந்தால், முதல் மாதம் பிள்ளையிடம் கமகம் கேட்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். பேண்டில் ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும். முதலில் நிற்கட்டும்.

7. பேண்டில் போய் உட்காரும்போது

பழைய வரிசையில் முதல் நாற்காலியில் (சிறந்தவருக்கான இடத்தில்) இருந்தவள் புது வரிசையில் கடைசியில் உட்காருவாள். இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் ஸ்வரங்கள் நடு ஸ்தாயியிலேயே நிற்கும், வாய் தேறுவதற்கு அது நல்ல இடம். நாற்காலித் தேர்வுக்கு முதல் பருவத்திலேயே போக வேண்டியதில்லை.

கடினமான ஓட்டம் வந்தால் எல்லா ஸ்வரத்தையும் துரத்தாமல் ஒவ்வொரு மெஷரின் (தாளக் கட்டத்தின்) முதல் ஸ்வரத்தை மட்டும் வாசித்துவிட்டு எண்ணிக்கொண்டே போகலாம். தாளம் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு இது கைவரும். ஆசிரியருக்கும் தவறான பத்து ஸ்வரத்தைவிடச் சரியான இரண்டு ஸ்வரம் மேல்.

அப்புறம் பராமரிப்பு. வாசித்து முடித்ததும் குழாய்க்குள் துணியை இழுத்து ஈரத்தை எடுக்க வேண்டும், ரீட்டை மவுத்பீஸிலேயே விட்டுவிட்டுப் பெட்டியை மூடக் கூடாது. மரத்தாலான ஓபோவோ கிளாரினெட்டோ கையில் இருந்தால் குளிர்காலத்தில் காரில் விடவே விடாதீர்கள். வெளியிலிருந்து வந்ததும் உடனே ஊதாமல், மேல் துண்டைக் கைக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டு வாசிக்கட்டும். சில்லிட்ட மரத்துக்குள் சூடான மூச்சு போனால் விரிசல் விடும். பிளாஸ்டிக் மாணவர் கருவிக்கு இந்தப் பயம் இல்லை.

பழைய கருவி வாடகைக் கருவி என்றால், புதியதில் அந்த மூன்று ஸ்கேல்களும் வந்து ஆசிரியர் சரி என்று சொன்ன பிறகு திருப்பிக் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். சொந்தக் கருவி என்றால் ஒரு வருடமாவது வைத்திருங்கள். மார்ச்சிங் பேண்டுக்குத் தேவைப்படலாம். பள்ளி இசை நாடகங்களுக்கு வாசிக்கிற குழுவில் ஒரே ஆள் கிளாரினெட்டும் சாக்ஸும் ஃப்ளூட்டும் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டியிருக்கும், இரண்டு கருவி தெரிந்த பிள்ளையை அங்கே தேடி வருவார்கள். சும்மா பெட்டியில் கிடந்தாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மூட்டுகளின் தக்கையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பத்து நிமிடம் வாசித்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.